பின்னால் மரம், முன்னால் மீன்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த் நகரை ஒட்டி அமைந்துள்ளது மாக் மண்டின். தொழிற்சாலைகளும் வரிசை வீடுகளும் நெருங்கி நிற்கும் வட்டாரம் இது. இங்கிருந்து பாலிங், கிரிக் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால், பேரா மாநிலத்தின் தெமெங்கோர் ஏரியை அடையலாம். அந்த ஏரியில் வந்து கலக்கும் காட்டாறுகள் பல. அவற்றில் சில, நம் வீட்டு முன்னாலுள்ள சாலையைவிட அகலம் குறைந்தவை.

அத்தகைய ஓர் ஆற்றில் நீங்கள் முழங்கால் அளவு நீரில் நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். இரு கரைகளிலும் மரங்கள் அடர்ந்துள்ளன. மேலே கிளைகள் பின்னிக்கொண்டு பச்சைக் கூரை போல் கவிந்திருக்கின்றன. எட்டு மீட்டர் தொலைவில், விழுந்து கிடக்கும் மரத்தின் நிழலில் ஒரு மீன் அசைகிறது. உங்கள் கையில் இருப்பது நீண்ட, மெல்லிய பூச்சித் தூண்டில். ஆர்வத்தோடு அதைப் பின்னால் ஓங்கி வீசுகிறீர்கள். ஏதோ பலமாக இழுக்கிறது! திரும்பிப் பார்த்தால், உங்கள் தூண்டில் முள் மூங்கில் புதரில் மாட்டிக்கொண்டு ஊசலாடுகிறது. மூங்கிலைப் ‘பிடித்து’ முடிப்பதற்குள் மீன் போய்விடுகிறது.

பூச்சித் தூண்டிலைப் புதிதாகப் பழகுவோர் ஏறக்குறைய அனைவருக்கும் இந்த அனுபவம் நேர்வதுண்டு. இதற்குக் காரணம் கைக்குற்றம் மட்டுமன்று. பூச்சித் தூண்டில் இயங்கும் முறையே அப்படிப்பட்டது. அந்த முறையைப் புரிந்துகொண்டால், குறுகிய இடத்திலும் தூண்டிலை வீச வழி உண்டு என்பது விளங்கும்.

எடை எங்கே இருக்கிறது?

சாதாரணத் தூண்டிலில் இரையோ ஈயக் குண்டோ எடையாக அமைகிறது. கோலை விசையுடன் முன்னோக்கி வீசும்போது அந்த எடை பறந்து செல்கிறது. மெல்லிய நைலான் நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. கல்லில் நூலைக் கட்டி எறிவதைப் போன்றது இது.

பூச்சித் தூண்டிலில் நிலைமை தலைகீழானது. இதன் முனையில் இருப்பது, இறகு, நூல், உரோமம் ஆகியவற்றைச் சிறிய முள்ளின்மீது சுற்றிக் கட்டிய செயற்கைப் பூச்சி. நீரில் விழும் ஈ, எறும்பு, வெட்டுக்கிளி போன்றவற்றின் தோற்றத்தைத் தருவதே அதன் வேலை. அதற்கு எடை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இறகை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அது நம் காலடியிலேயே விழும் அல்லவா? அவ்வாறே இந்தப் பூச்சியையும் தனியாகத் தொலைவுக்கு எறிய முடியாது.

ஆகவே, எடை நூலுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பூச்சித் தூண்டிலின் வீச்சுநூல் தடிப்பானது. நெகிழிப் பூச்சுக் கொண்டது. எடைக்கேற்ப இதற்கு எண்கள் வழங்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, 5ஆம் எண் நூலின் முதல் 30 அடி, அதாவது ஏறக்குறைய 9 மீட்டர் நீளப் பகுதி, சுமார் 9 கிராம் எடையுள்ளது. இரண்டு பூப்பந்துகளின் எடையைவிட இது சற்றுக் குறைவு. 3ஆம் எண் நூலின் அதே நீளப் பகுதி சுமார் 6.5 கிராம் இருக்கும். வீச்சுநூலின் நுனியில், மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய நைலான் நரம்பு இணைக்கப்படும். அந்த நரம்பின் நுனியில்தான் பூச்சி கட்டப்படும்.

சுருங்கச் சொன்னால், சாதாரணத் தூண்டிலில் இரை நூலை இழுத்துச் செல்கிறது. பூச்சித் தூண்டிலில் நூல் இரையைச் சுமந்து செல்கிறது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், அடுத்து வருவனவற்றைப் புரிந்துகொள்வது எளிது.

பின்னால் இடம் தேவைப்படுவது ஏன்?

ஒன்பது மீட்டர் நீளத்திற்குப் பரவியுள்ள எடையை எப்படி எறிவது? முதலில் அந்த நூல் முழுவதையும் காற்றில் நேராக நீட்ட வேண்டும். இதனால்தான் பூச்சித் தூண்டில் வீச்சு இரண்டு பகுதிகளைக் கொண்டுள்ளது. முதலாவது பின்வீச்சு, இரண்டாவது முன்வீச்சு.

உங்கள் பக்கவாட்டில் ஒரு பெரிய கடிகாரம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் தலைக்கு மேலே 12 மணி. முன்னால் 9 மணி. பின்னால் 3 மணி. கோலை 9 மணியிலிருந்து மெல்லத் தூக்கி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, 1 மணியில் சட்டென்று நிறுத்த வேண்டும். கோல் நின்றாலும் நூல் நிற்காது. அது தலைக்கு மேலே வளைந்து பின்னோக்கிப் பறக்கும். நூல் முழுமையாக விரியும்வரை சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். நூல் நேரானதும் அதன் எடை கோலைப் பின்னோக்கி வளைக்கும். வளைந்த கோல், இழுத்த வில்லைப் போல ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். அந்த நொடியில் கோலை முன்னோக்கி வேகப்படுத்தி, 10 மணி அளவில் நிறுத்தினால் நூல் முன்னே பாய்ந்து விரியும்.

புதியவர்கள் செய்யும் பிழைகளில் முதன்மையானது பொறுத்திருக்கத் தவறுவதாகும். நூல் பின்னால் விரிவதற்கு முன்பே கையை முன்னால் கொண்டுவந்தால் சாட்டை சொடுக்குவது போன்ற ஓசை எழும். சில வேளைகளில் பூச்சியே அறுந்து போகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன்னால் 8 மீட்டர் நூல் செல்ல வேண்டுமானால், ஏறக்குறைய அதே 8 மீட்டர் நூல் முதலில் பின்னால் விரிந்தாக வேண்டும். அதனுடன் நைலான் நரம்பின் நீளத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, பத்து மீட்டருக்கும் அதிகமான திறந்தவெளி பின்னால் வேண்டும். ஏரிக்கரையிலும் அகன்ற ஆற்றின் நடுவிலும் இது சிக்கலன்று. காட்டாற்றிலோ பின்னால் இரண்டு மீட்டரில் மரம் நிற்கிறது. பின்வீச்சு கோலுக்குக் கொடுக்கும் வளைவை வேறு எதனிடமிருந்து பெறுவது? குறுகிய இடத்தில் தூண்டில் வீசும் முறைகள் யாவும் இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகளே ஆகும்.

முன்னோர் கண்ட வழிகள்

செயற்கைப் பூச்சியால் மீன் பிடிக்கும் வழக்கம் மிகப் பழைமையானது. ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியா நாட்டு மக்கள் ஓர் ஆற்றில் மீன் பிடித்த முறையைக் குறித்து வைத்துள்ளார். அவர்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் இறகுகளைக் கட்டினார்கள். அவர்களுடைய கோல் ஆறடி நீளம். நூலும் ஆறடி நீளம். நூல் குட்டையாக இருந்ததால் அவர்களுக்குப் பின்னால் அதிக இடம் தேவைப்பட்டிருக்காது.

ஜப்பானின் மலையோடைகளில் வளர்ந்த ‘தென்காரா’ முறையும் இத்தகையதே. இதில் ரீல் கிடையாது. நீண்ட, இலேசான கோலின் நுனியிலேயே நூல் கட்டப்பட்டிருக்கும். கோல் நீளமாக இருப்பதால் நூலைத் தொலைவுக்கு எறிய வேண்டிய தேவை குறைகிறது. கோலே பாதித் தொலைவைக் கடந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தில் ஸ்பே ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. ஆறு அகலமானது, நூலும் நீளமாகச் செல்ல வேண்டும். ஆனால், கரையிலோ மரங்களும் செங்குத்தான மேடுகளும் இருந்தன. எனவே, நூலைப் பின்னால் முழுமையாக விரிக்காமல், நீரைத் தொட்டபடியே திருப்பி முன்னால் அனுப்பும் முறையை 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தனர். அந்த ஆற்றின் பெயராலேயே அம்முறை இன்றும் ‘ஸ்பே வீச்சு’ எனப்படுகிறது. இதன் அடிப்படை, நாம் அடுத்துக் காணவிருக்கும் உருள் வீச்சாகும்.

உருள் வீச்சு: நீரின் பிடிப்பைப் பயன்படுத்துதல்

காட்டாற்றில் தூண்டில் வீச விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது உருள் வீச்சு. இதில் நூல் பின்னால் பறப்பதே இல்லை. நீரின்மேல் கிடக்கும் நூலை நீர் மெல்லப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிப்பே பின்வீச்சின் வேலையைச் செய்கிறது. இம்முறையின் படிகள் பின்வருமாறு:

1. நூலை உங்களுக்கு முன்னால் நீரின்மீது நீட்டி விடுங்கள். கோலின் நுனி நீரை ஒட்டித் தாழ்ந்திருக்கட்டும்.

2. கோலை மெதுவாக உயர்த்திப் பின்னோக்கிச் சாய்த்து, 1 மணி நிலைக்குக் கொண்டு வாருங்கள். நூல் நீரின்மேல் வழுக்கிக்கொண்டு உங்களை நோக்கி வரும். நீரிலிருந்து நூலை முழுவதுமாக வெளியே எடுத்துவிடக் கூடாது.

3. அந்த நிலையில் ஒரு கணம் நிறுத்துங்கள். இப்போது கோலின் நுனியிலிருந்து நூல் உங்கள் தோளுக்குப் பின்னால் தொய்ந்து தொங்கும். அதன் கீழ்ப்பகுதி உங்கள் பக்கத்தில் நீரைத் தொட்டிருக்கும். கோலையும் தொங்கும் நூலையும் சேர்த்துப் பார்த்தால், ஆங்கில எழுத்தான ‘டி’யின் வடிவம் தெரியும்.

4. கோலை முன்னோக்கி வேகப்படுத்தி, 10 மணி நிலையில் சட்டென்று நிறுத்துங்கள். நூல் ஒரு சக்கரம் போல நீரின்மேல் உருண்டு சென்று விரியும்.

தொங்கும் நூலுக்குப் பின்னால் ஓரிரு மீட்டர் இடம் இருந்தால் போதும். பத்து மீட்டருக்கு மேல் தேவைப்பட்ட இடம் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள்!

இங்கு இரண்டு பிழைகளைத் தவிர்க்க வேண்டும். கோலை மிக விரைவாகப் பின்னால் இழுத்தால், நூல் நீரை விட்டு எழும்பிப் பின்னாலுள்ள மரத்தில் சிக்கும். முன்வீச்சில் கோலை நீர்மட்டம்வரை தாழ்த்தி அடித்தால், நூல் விரியாமல் குவியலாக முன்னால் விழும். கோல் எந்தத் திசை நோக்கி நிற்கிறதோ அந்தத் திசையில்தான் நூல் செல்லும். ஆகவே, உயரத்தில் நிறுத்தப் பழகிக்கொள்வது இன்றியமையாதது. மேலும், நூல் உங்கள் வலப்பக்கம் கிடந்தால், அதைக் குறுக்கிட்டு வலப்புறமாக வீசக் கூடாது. நேராகவோ இடப்புறமாகவோ வீச வேண்டும். இல்லாவிடில் நூல் தன்மேல் தானே விழுந்து சிக்கலாகிவிடும்.

வில் வீச்சு: கோலையே வில்லாக்குதல்

உருள் வீச்சுக்குக் கூட இடமில்லாத இடங்கள் உண்டு. தலைக்கு மேலேயும் கிளை, தோளுக்குப் பின்னாலும் கிளை. கோலை உயர்த்தவே முடியாது. அங்கு உதவுவது வில் வீச்சு.

இம்முறையில் கோலின் நுனியிலிருந்து ஏறக்குறைய கோலின் நீளம் அளவுக்கே நூலை விட வேண்டும். கைப்பிடியோடு சேர்த்து நூலை ஒரு விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். மறுகையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பூச்சியைப் பிடிக்க வேண்டும். முள்ளின் கூர் முனை விரலை நோக்கி இராமல், வெளிப்புறம் நோக்கியிருக்குமாறு வளைவுப் பகுதியில் பிடிப்பது முக்கியம். பிறகு, கோலின் நுனியை மீன் இருக்கும் இடத்தை நோக்கிக் காட்டி, பூச்சியைப் பின்னால் இழுத்தால் கோல் வில்லைப் போல வளையும். குறி பார்த்து விரலை விட்டால், கோல் நிமிர்ந்து நூலை முன்னே செலுத்தும்.

நீர் செய்த வேலையை இங்கே நம் விரல்கள் செய்கின்றன. நான்கைந்து மீட்டருக்குமேல் இதனால் வீச இயலாது. ஆனால், சிற்றாற்றில் மீன் அவ்வளவு அருகில்தான் இருக்கும். காலடி ஓசை எழுப்பாமலும் நம் நிழல் நீரில் விழாமலும் நெருங்கத் தெரிந்தவருக்கு அந்தத் தொலைவே போதும்.

பக்க வீச்சும் கோபுர வீச்சும்

மேலே கிளைகள் தாழ்ந்திருந்தாலும் ஆற்றின் போக்கில் முன்னும் பின்னும் வெளி இருக்கலாம். அப்போது கோலைத் தலைக்கு மேல் ஓங்காமல், நீர்மட்டத்துக்கு இணையாகப் படுக்கவைத்து வீச வேண்டும். இது பக்க வீச்சு. நூல் நீருக்குச் சற்று மேலே தாழ்வாகப் பறந்து, தாழ்ந்த கிளைகளின் அடியில் நுழைந்து செல்லும். பூச்சியை நிழலுக்குள் கொண்டுபோய் இறக்குவதற்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை எனலாம்.

இதற்கு மாறாக, பின்னால் புதர் இருக்க, தலைக்கு மேலே வானம் திறந்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கு நூலைப் பின்னால் வீசாமல், கோபுரம் போல நேர் மேலே எழும்படி வீசி, அது இறங்குவதற்குள் முன்னால் அனுப்புவர். இதைக் கோபுர வீச்சு என்று நாம் அழைக்கலாம். நூல் மேலிருந்து இறங்குவதால் தொலைவு குறையும். பூச்சியும் சற்றுப் பலமாக நீரில் விழும். எனினும், வேறு வழி இல்லாதபோது இது கைகொடுக்கும்.

எந்த இடத்தில் எந்த வீச்சு என்பதைத் தீர்மானிப்பது கையல்ல, கண். அனுபவமுள்ளவர்கள் ஆற்றில் இறங்கியவுடன் மீனைத் தேடுவதில்லை. முதலில் திரும்பிப் பின்னால் பார்க்கிறார்கள், பிறகு மேலே பார்க்கிறார்கள், பக்கங்களைப் பார்க்கிறார்கள். எந்தத் திசையில் வெளி இருக்கிறதோ அதற்கேற்ற வீச்சைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோலைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே சிந்தனை தேவை. பொதுவாகப் பயன்படும் கோல் 9 அடி, அதாவது சுமார் 2.7 மீட்டர் நீளமுடையது. கிளைகள் நெருங்கிய ஓடைகளுக்கு 6 முதல் 7.5 அடி வரையிலான குட்டைக் கோல்களைப் பலர் விரும்புகின்றனர்.

பூப்பந்துத் திடலில் பயிற்சி

மாக் மண்டின் போன்ற நகர்ப்புறத்தில் வாழும் மாணவருக்கு இப்பயிற்சி கைகூடுமா? கூடும். உண்மையில், இடநெருக்கடி உள்ள குடியிருப்பே இதற்கு ஏற்ற பள்ளிக்கூடம்.

பூப்பந்துத் திடலின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். வலையருகே நின்றால் பின்னால் 6.7 மீட்டர் மட்டுமே கோட்டிற்குள் இருக்கும். அந்தக் கோட்டை மரங்களாகக் கருதிக்கொள்ளுங்கள். நூலின் நுனி கோட்டைத் தாண்டாமல் வீச முயலுங்கள். முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். பயிற்சியில் முள்ளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஒரு தட்டையோ வளையத்தையோ ஐந்து மீட்டர் தொலைவில் வைத்து, அதனுள் கம்பளித் துண்டை விழச் செய்யுங்கள். தொலைவைவிடக் குறியே முக்கியம்.

உருள் வீச்சைத் தரையில் பழகும்போது ஒரு சிக்கல் எழும். சிமெண்டுத் தரைக்கு நீரைப் போன்ற பிடிப்புக் கிடையாது. நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. தாள் செருகும் கிளிப் அட்டையை முன்னால் தரையில் வைத்து, நைலான் நரம்பின் நுனியை அதில் செருகிவிட்டால், அது நீரின் பிடிப்பைப் போலச் செயல்படும். சற்று நீண்ட புல் தரையும் ஓரளவு உதவும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பயின்று கை வலியுடன் திரும்புவதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் பயில்வது நல்ல பயனைத் தரும். கை இயக்கத்தை உடல் மறவாமல் இருக்க அதுவே வழி.

உயிரினும் மேலானதன்று மீன்

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. குறுகிய ஆற்றில் தூண்டில் போடுவோர் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டுக் காட்டாறுகளில் ‘கெப்பாலா ஆயேர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு உயிரைப் பறிக்கக் கூடியது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்தாலும், மலை உச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் பெருவெள்ளமாக வந்து சேரலாம். ஆறு எவ்வளவு குறுகலோ அவ்வளவு விரைவாக நீர்மட்டம் உயரும். தெளிந்த நீர் கலங்குதல், இலைகளும் குச்சிகளும் மிதந்து வருதல், மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தூண்டிலைச் சுற்றிக்கொண்டிருக்காமல் உடனே மேட்டில் ஏற வேண்டும். கரை ஏறும் வழியை முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பவரே விரைந்து தப்ப முடியும்.

இன்னோர் ஆபத்து மின்சாரம். இன்றைய தூண்டிற்கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. அதன் வழியே மின்சாரம் பாயும். எனவே, மின்கம்பிகளின் அருகே கோலை உயர்த்தக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பழகுவோர் முதலில் மேலே பார்த்துக்கொள்ள வேண்டும். இடி இடிக்கத் தொடங்கினால் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் செல்ல வேண்டும்.

கண்ணைக் காக்கக் கண்ணாடியும் தலையைக் காக்கத் தொப்பியும் அணிவது அவசியம். நண்பர் வீசும்போது அவருக்குப் பின்னால் நிற்கக் கூடாது. காட்டாற்றுக்குத் தனியாகச் செல்லவும் கூடாது. பெரியவர் ஒருவர் துணையோடு செல்வதே முறை.

ஆற்றின் அரசன்

இவ்வளவு பாடுபட்டு வீசும் தூண்டிலுக்கு எந்த மீன் வரும்? நம் காட்டாறுகளில் செபாராவ், தெங்காஸ், கெலா ஆகியவை வாழ்கின்றன. இவற்றுள் கெலாவை ஆற்றின் அரசன் என்று தூண்டில் பிரியர்கள் போற்றுகின்றனர். பெரிய செதில்களும் திரண்ட உடலும் கொண்ட இம்மீன், தெளிந்து ஓடும் குளிர்ந்த நீரையே நாடும். தமிழகத்தின் காவிரியில் வாழும் மஹ்சீர் மீனும் கெலாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மதராஸ் ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் வெளியிட்ட நூலில் மஹ்சீருக்குச் சிறப்பிடம் கொடுத்தார்.

அரசன் என்று புகழப்பட்டாலும் கெலாவின் நிலை பாதுகாப்பானதன்று. அது மெதுவாக வளரும் மீன். காடு அழிந்து ஆறு கலங்கினால் அதனால் வாழ இயலாது. ஒரு பெரிய கெலாவைப் பிடித்துச் சமைக்க ஒரு பொழுது போதும். அத்தகைய மீன் மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். இதனால்தான் தாமான் நெகாராவில் தாஹான் ஆற்றின் லூபோக் தெனோரிலும், திரங்கானு மாநிலத்தில் கென்யிர் ஏரியில் கலக்கும் பெத்தாங் ஆற்றிலும் கெலாவுக்கான பாதுகாப்பிடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அரச பெலும் மாநிலப் பூங்காவுக்குள் நுழைவதற்கும் முன் அனுமதி பெற வேண்டும்.

பொறுப்புள்ள தூண்டில் பிரியர்கள் பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றனர். விடுவதற்கும் முறை உண்டு. தூண்டில் முள்ளின் உட்புறத்தில் சிறிய எதிர்முள் ஒன்று இருக்கும். மாட்டிய மீன் கழன்றுவிடாமல் தடுப்பது அதுவே. அதை முன்கூட்டியே குறட்டால் நசுக்கிவிட்டால், மீனுக்குக் காயம் குறையும். முள்ளை எளிதில் கழற்றலாம். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை, மீனின் உடலைக் காக்கும் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். மீனை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்தும்வரை தாங்கிப் பிடித்திருந்து விட வேண்டும். மேலும், மரத்தில் அறுந்து சிக்கிய நைலான் நரம்பை அப்படியே விட்டுச் செல்லக் கூடாது. பறவைகளின் காலிலும் சிறகிலும் அது சுற்றிக்கொண்டு உயிரைக் குடிக்கும்.

மீண்டும் அதே ஆற்றுக்கு வருவோம். எட்டு மீட்டர் தொலைவில் அதே மரம், அதே நிழல். இம்முறை நீங்கள் முதலில் திரும்பிப் பார்க்கிறீர்கள். மூங்கில் புதர் அங்கேயே நிற்கிறது. கோலை மெல்ல உயர்த்துகிறீர்கள். நூல் நீரின்மேல் வழுக்கி வந்து தோளருகே தொங்குகிறது. ஒரு கணம் பொறுக்கிறீர்கள். பிறகு, முன்னோக்கி ஒரு வீச்சு. நூல் சக்கரமாக உருண்டு செல்கிறது. மரத்தின் நிழலில், காற்றில் உதிர்ந்த ஈயைப் போலப் பூச்சி மெல்ல இறங்குகிறது. மீன் அதைக் கவ்வலாம்; கவ்வாமலும் போகலாம். அது மீனின் விருப்பம். ஆனால், இம்முறை மூங்கிலுக்கு உங்கள் பூச்சி கிடைக்கவில்லை.

சிந்தித்து விடையளித்திடுக

1. சாதாரணத் தூண்டிலுக்கும் பூச்சித் தூண்டிலுக்கும் இடையிலான முதன்மை வேறுபாடு யாது?

2. பின்வீச்சில் நூல் விரியும்வரை பொறுத்திருப்பது ஏன் அவசியம்?

3. உருள் வீச்சில் நீரும், வில் வீச்சில் விரல்களும் ஆற்றும் பணியை ஒப்பிட்டு விளக்குக.

4. தலைக்கு மேலே கிளைகள் தாழ்ந்தும், ஆற்றின் போக்கில் வெளி திறந்தும் உள்ள இடத்தில் எந்த வீச்சைத் தேர்ந்தெடுப்பீர்? காரணம் கூறுக.

5. ‘கெலா பிடிப்பதை முற்றாகத் தடை செய்ய வேண்டும்.’ இக்கருத்தை நீர் ஏற்கிறீரா? உமது நிலைப்பாட்டைத் தக்க காரணங்களுடன் எழுதுக.